முன் சக்கரத்தில் என்ன சத்தம்?

டீ ஆறுவதற்குள் முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன், தம்பி. காரின் முன்பக்கத்தில் அதிகமாகச் சத்தம் போடும் சாமான் அநேகமாக உயிருக்கு ஆபத்தில்லாத சாமான்தான். ஆபத்தானது கடைசிவரை வாயே திறக்காமல் இருந்துவிடலாம். யாங்கோனின் லான்மடாவில் பழைய டொயோட்டா கிரவுனோ மார்க் டூவோ வைத்திருப்பவர்கள் பணத்தை விடுவது இந்த இடத்தில்தான். சத்தத்தைத் துரத்திக்கொண்டு ஒவ்வொன்றாக மாற்றுவார்கள். மாற்ற வேண்டியது அப்படியே கிடக்கும்.

இந்த வண்டிகள் வந்த கதை உங்களுக்குத் தெரியும். 2011 செப்டம்பரில், மிகப் பழைய கார்களை ஒப்படைப்பவர்களுக்கு வெளிநாட்டுக் கார் இறக்க அனுமதி தருவதாக அரசு அறிவித்தது. அதன் பிறகு ஜப்பானில் ஓடிய டொயோட்டாக்கள் கப்பல் கப்பலாக யாங்கோனில் வந்து இறங்கின. அதில் கிரவுன் என்றால் ஒரு மிடுக்கு. ஆனால் 2003 கடைசியில் வெளிவந்த மாடல் கிரவுனுக்கே இப்போது 20 வயது தாண்டிவிட்டது. இன்ஜின் இன்னும் முணுமுணுக்காமல் ஓடும். கீழே இருக்கும் ரப்பருக்கு அந்த ஆயுசு கிடையாது.

இந்த ஊரில் இன்னொரு கூத்தும் உண்டு. 1970 டிசம்பரில் இந்த நாடு சாலையின் வலப்பக்கம் ஓட்டும் முறைக்கு மாறியது. ஜப்பான் வண்டிக்கோ ஸ்டியரிங்கும் வலப்பக்கம். ஜப்பானில் இடது ஓரமாக ஓடியபோது இடது சக்கரம் ஓரத்துப் பள்ளங்களை வாங்கியது. இங்கே வந்த பிறகு அந்த அடி வலது சக்கரத்துக்கு. ஆக, உங்கள் வண்டி இரண்டு நாட்டில் இரண்டு பக்கமும் அடிபட்ட வண்டி. ஓட்டுபவர் வலது சக்கரத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பதால் அந்தப் பக்கத்துச் சத்தம்தான் காதில் விழும். இடது பக்கம் என்ன சொல்கிறது என்று கேட்க, விஷயம் தெரிந்த ஒருவரை இடது சீட்டில் உட்காரவைத்து ஒரு சுற்றுப் போய் வாருங்கள்.

லான்மடாவ் தெருக்கள் 1850களில் ஃப்ரேசர் என்ற ஆங்கிலேய இன்ஜினியர் போட்ட கட்டத்தில் அடங்கியவை. குதிரை வண்டிக் காலத்துக் குறுக்குத் தெருவில் இன்று இரண்டு பக்கமும் கார் நிற்கிறது. நடுவில் கிரவுனைத் திருப்ப, வண்டி நகராமலே ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கிறோம். இடம் பற்றாமல் ஒரு சக்கரத்தைப் பிளாட்பாரத்தின் மேல் ஏற்றுகிறோம். இந்த இரண்டும் முன்பக்க மூட்டுகளை நசுக்கும் வேலைகள்.

சரி, கீழே என்ன இருக்கிறது? கிரவுனில் ஒவ்வொரு முன் சக்கரத்தையும் மேல் ஆர்ம், கீழ் ஆர்ம் என்று இரண்டு கைகள் பிடித்திருக்கின்றன. கை பாடியோடு சேரும் இடத்தில் புஷ் இருக்கும். அது இரும்புக் குழாய்க்குள் ஒட்டிவைத்த ரப்பர். கை சக்கரத்தோடு சேரும் இடத்தில் பால் ஜாயிண்ட். நம் இடுப்பு மூட்டு மாதிரி, கிண்ணத்துக்குள் உருளும் குண்டு. ஸ்டியரிங் திருப்பத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவது டை ராட். வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் கம்பியை ஆர்மோடு கோர்ப்பது லிங்க். குதிப்பை அடக்குவது ஷாக் அப்சார்பர்.

இனி யார் என்ன பேசுவார்கள் என்று பார்ப்போம். சின்னச் சின்ன மேடு பள்ளத்தில் ‘கடகட’ என்றால் பெரும்பாலும் லிங்க். மலிவான சாமான், எளிதான வேலை. வளைவில் வண்டி கொஞ்சம் கூடுதலாகச் சாயும், அவ்வளவுதான். பிரேக் போடும்போது ‘தொம்’ என்று ஒற்றை இடி வந்தாலோ ஸ்டியரிங் நடுங்கினாலோ கீழ் ஆர்ம் புஷ்ஷைச் சந்தேகப்படுங்கள். 1995 முதல் 2003 வரை வந்த பி.எம்.டபிள்யூ 5 சீரிஸில் இது பேர்போன நோய். பிரேக் டிஸ்க்கை மாற்றிப் பார்ப்பார்கள், நடுக்கம் நிற்காது. எண்ணெய் அடைத்த முன் புஷ் கிழிந்திருக்கும். ஒரு மேட்டைத் தாண்டிய பிறகும் வண்டி படகு மாதிரி ஆடிக்கொண்டே போனால் அது ஷாக்.

பால் ஜாயிண்ட்டும் டை ராட் முனையும் சத்தமே போடாமல் தேயும். ஸ்டியரிங் திருப்பும்போது லேசான ‘கிரீச்’ வரலாம், வராமலும் போகலாம். குண்டு கிண்ணத்தை விட்டு வெளியே வந்தால் சக்கரம் பக்கவாட்டில் மடிந்துவிடும். அதற்குப் பிறகு ஸ்டியரிங் கையில் இருந்தும் பயனில்லை. இதை டொயோட்டாவே பெரிதாக எடுத்துக்கொண்டது. 2005இல் டகோமா, டண்ட்ரா போன்ற வண்டிகளில் 7 லட்சத்துக்கும் மேல் திரும்ப அழைத்தது இந்த முன் பால் ஜாயிண்ட்டுக்காகத்தான்.

இரண்டாவது டீ சொல்லுங்கள். சோதிக்கிற முறையைச் சொல்கிறேன்.

பால் ஜாயிண்ட்டின் ஆட்டம் தெரிய வேண்டுமானால் அதன் மேல் இருக்கும் ஸ்பிரிங் பாரத்தை எடுக்க வேண்டும். கிரவுனில் ஸ்பிரிங்கும் ஷாக்கும் கீழ் ஆர்மின் மேல் நிற்பதால், ஜாக்கியைக் கீழ் ஆர்முக்கு அடியில், சக்கரத்துக்குப் பக்கமாக வைக்க வேண்டும். 1980களின் கடைசியில் வந்த மார்க் டூ மாதிரி, மேல் ஆர்முக்குப் பதிலாக ஸ்ட்ரட் வைத்த வண்டியில் பாடிப் பக்கம் வைத்துத் தூக்கி, சக்கரத்தைத் தொங்கவிட வேண்டும். இதை மாற்றிச் செய்தால் தேய்ந்த மூட்டும் இறுகியது போலக் காட்டும். நன்றாக இருக்கிறது என்று ஏமாறுவது இப்படித்தான். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது. ஸ்டாண்ட் கொடுங்கள், பின் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

இப்போது டயரை, கடிகாரத்தில் 12 மணியும் 6 மணியும் இருக்கும் இடங்களில் பிடித்து உள்ளேயும் வெளியேயும் ஆட்டுங்கள். இன்னொருவர் டார்ச் அடித்து மூட்டைப் பார்க்கட்டும். ஆட்டம் தெரிந்தால் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் அது வீல் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட். 9 மணியிலும் 3 மணியிலும் பிடித்து ஆட்டினால் டை ராட்டின் கதை வெளியே வரும். கடைசியாக டயருக்கு அடியில் கடப்பாரை கொடுத்து மேலே நெம்புங்கள். குண்டு கிண்ணத்துக்குள் ஏறி இறங்குவது கண்ணுக்கே தெரியும்.

ஆட்டம் இல்லை என்றாலும் ரப்பர் உறையைப் பாருங்கள். யாங்கோனில் ஆண்டுக்குச் சுமார் 2,700 மி.மீ. மழை, சென்னையில் பெய்வதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. மே முதல் அக்டோபர் வரை தெருவில் தண்ணீர் நிற்கிறது. உறை கிழிந்தால் கிரீஸ் வெளியே போகும், சேறு உள்ளே வரும். அந்த மூட்டு அடுத்த மழைக்காலத்தைத் தாண்டும் என்று நம்பாதீர்கள்.

மாற்றும்போது இரண்டு இடத்தில் வேலை கெடும். ஒன்று, ஜப்பானில் கழற்றிய பழைய ஆர்ம். இரும்பு பளபளவென்று இருக்கும், ஆனால் அதிலிருக்கும் ரப்பருக்கும் உங்கள் வண்டியின் வயதுதான். விலை குறைவு என்று வாங்கினால் அதே வேலைக்கு இரண்டு முறை கூலி கொடுப்பீர்கள். இரண்டு, புஷ் போல்ட்டை முறுக்கும் நேரம். ரப்பர் சுழலாது, முறுக்கித்தான் கொடுக்கும். சக்கரம் தொங்கும்போதே போல்ட்டை இறுக்கிவிட்டால், வண்டியைத் தரையில் இறக்கியதும் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே நிற்கும். புது புஷ் சில மாதத்தில் கிழியும், பழி கம்பெனி மேல் விழும். ‘வண்டி வெயிட் சக்கரத்தில் உட்கார்ந்த பிறகு கடைசி முறுக்கு கொடுங்கள்’ என்று மெக்கானிக்கிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

செலவுக்கு வரிசை இது: முதலில் பால் ஜாயிண்ட், டை ராட். பிறகு கீழ் ஆர்ம் புஷ், இரண்டு பக்கமும் சேர்த்து. அப்புறம் ஷாக், அதுவும் ஜோடியாக. லிங்க் கடைசி. கை நெருக்கடி என்றால் அந்தக் ‘கடகட’வோடு தீபாவளி வரைக்கும் ஓட்டலாம். வீல் அலைன்மென்ட் எல்லாம் முடிந்த பிறகு ஒரே ஒரு முறை. தேய்ந்த மூட்டை வைத்துக்கொண்டு அலைன்மென்ட் பார்ப்பது காசைக் கரியாக்குவது.

திஞ்ஜான் புத்தாண்டு விடுமுறைக்கு ஒர்க்‌ஷாப்கள் மூடுவதற்கு முன்பே வண்டியைக் கொடுத்துவிடுங்கள். பிறகு மே வந்துவிடும், மழை பிடித்துக்கொள்ளும். பில்லோடு, கழற்றிய பழைய சாமானையும் கேட்டு வாங்குங்கள். பால் ஜாயிண்ட்டின் முனையைக் கட்டைவிரலால் அசைத்துப் பாருங்கள். புதியது முரண்டு பிடிக்கும். பழையது தொளதொளவென்று ஆடினால் கொடுத்த காசு சரியான இடத்துக்குத்தான் போயிருக்கிறது. அதுவும் இறுக்கமாகவே இருந்தால், எதைப் பார்த்து மாற்றினார் என்று மெக்கானிக்கிடம் அங்கேயே கேளுங்கள்.