வறள்வழிப் பயணமும் குடிநீரும்



யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கையாறு என ஒன்று உண்டு. அதுவும் மாரியில் ஓடிக் கோடையில் வற்றிவிடும். ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழையே இந்நிலத்தின் பெருஞ்செல்வம். அம்மழைநீர் சுண்ணாம்புக்கற் பாறையின் வெடிப்புகளூடே கசிந்திறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. நன்னீர் உவர்நீரினும் இலேசானது. நன்னீர் மட்டம் கடல் மட்டத்திற்கு மேல் ஓர் அடி உயர்ந்து நின்றால், அதன் கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நன்னீர் தங்கும் என்பது நீரியலார் கூறும் பொது விதி. அளவுமீறி இறைத்தால் அடியிலுள்ள உவர் மேலெழும். நிலாவரைக் கிணற்றின் மேற்பகுதி நன்னீராகவும், ஆழம் செல்லச் செல்ல உவர்ப்பாகவும் இருப்பது இதற்குச் சான்று.

இத்தகைய நிலத்திலே துவிச்சக்கரவண்டியில் நெடுந்தூரம் செல்லப் புறப்படுவோர் மனத்திற் கொள்ளவேண்டியது ஒன்று. வழியிற் கிணறு உண்டு என்பது வேறு. குடிக்கத்தக்க நீர் உண்டு என்பது வேறு. பண்ணைத் தாம்போதியைக் கடந்து, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் துறைக்குச் செல்பவர் இதனை விரைவில் அறிவர். தீவுகளிற் பல கிணறுகள் கோடையில் உவர்த்துவிடும். அங்கு வாழ்வோரே குடிநீருக்காகப் பிளாஸ்ரிக் கான்களைத் துவிச்சக்கரவண்டியிற் கட்டிக்கொண்டு அலைவதுண்டு. அவர்களிடம் கையேந்தாது, தமக்கு வேண்டியதைத் தாமே கொண்டு செல்வது பயணியின் கடமையாகும்.

எவ்வளவு நீர் வேண்டும்? வெயிலில் வண்டி மிதிக்கும் ஒருவர் மணிக்கு அரை லீற்றர் முதல் ஒரு லீற்றர் வரை, சிலவேளை அதற்கு மேலும், வியர்வையாக இழக்கின்றார். நாவற்குழியிலிருந்து சங்குப்பிட்டிப் பாலம், பூநகரி, முழங்காவில், வெள்ளாங்குளம், இலுப்பைக்கடவை, விடத்தல்தீவு வழியாக மன்னாருக்குச் செல்லும் வீதியை எடுத்துக்கொள்வோம். 2011ஆம் ஆண்டில் அப்பாலம் திறக்கப்பட்ட பின்னர் இவ்வழி எளிதாயிற்று. தூரம் 100 கிலோமீற்றருக்கு மேல். மணிக்கு 15 கிலோமீற்றர் சென்றால் ஏறக்குறைய 7 மணி நேரம். மணிக்கு முக்கால் லீற்றர் வீதம் 5 லீற்றருக்கு மேல் வேண்டும். அதன் நிறை 5 கிலோகிராமுக்கு மேலாகும். முழுவதையும் புறப்படும்போதே சுமக்க வேண்டியதில்லை. அடுத்து நல்ல நீர் கிடைக்கும் என்று உறுதியாகத் தெரிந்த ஊர் வரைக்கும் கணக்கிட்டு, அதனுடன் ஒரு லீற்றர் மேலதிகமாக வைத்துக்கொள்வதே தக்க முறை. சில்லுக் காற்றுப்போய் நடுவழியில் நிற்க நேர்ந்தால் அந்த ஒரு லீற்றரே துணை.

வைகாசி முதல் வீசும் சோளகக் காற்றையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும். தென்மேற்கிலிருந்து வரும் அக்காற்று மன்னாரை நோக்கிச் செல்பவருக்கு எதிர்க்காற்று. 7 மணிப் பயணம் 10 மணியாகலாம். நீரும் அதற்கேற்ப மிகுதியாக வேண்டும். மேலும், காற்று வியர்வையை உடனுக்குடன் உலர்த்திவிடுவதால், உடல் நீர் இழப்பதைப் பயணி உணரார். ஆகவே, தாகம் முற்றும்வரை காத்திராது, கால்மணிக்கொருமுறை சில மிடறு அருந்துதல் நன்று. தலைவலி, தலைச்சுற்று, சிறுநீர் குறைந்து கடும் மஞ்சளாதல் ஆகியன எச்சரிக்கைகள். உடல் கொதித்து, பேச்சுக் குழறி, அறிவு தடுமாறினால் அது உயிராபத்து. அவரை நிழலிற் கிடத்தி, உடலை நனைத்து விசிறி, தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லல் வேண்டும். வெறும் நீரையே அளவுமீறிக் குடிப்பதும் தீது. வியர்வையுடன் உப்பும் வெளியேறுவதால், உப்பிட்ட மோரும் கஞ்சியும் இடையிடையே கொள்ளத்தக்கன.

இனி, நீரைச் சுமக்கும் முறை. பாரத்தைத் தாழ்வாகவும், பின்சில்லின் இருபுறமும் சமமாகவும் கட்டுதல் வேண்டும். ஒரே கானில் நிரப்பாது பல போத்தல்களிற் பிரித்து வைத்தால், ஒன்று உடைந்தாலும் மற்றவை மிஞ்சும். போத்தலைச் சுற்றி ஈரத்துணி கட்டினால், மட்பானையிற் போலவே நீர் குளிர்ந்திருக்கும். ஐயமான நீரைக் கொதிக்கவைத்தே அருந்துக. ஆனால் கொதிக்கவைத்தல் கிருமிகளை மாத்திரமே கொல்லும். உவர்ப்பையோ, உரமிட்ட தோட்டங்களிலிருந்து கிணறுகளிற் சேரும் நைத்திரேற்றையோ அது அகற்றாது.

நம் முன்னோர் இந்நிலத்தின் இயல்பை அறிந்தே, வழிநெடுக மடமும் கேணியும் சுமைதாங்கியும் ஆவுரஞ்சிக்கல்லும் அமைத்தனர். பருத்தித்துறையிலே வீதியின் மேலாகக் கூரை கவிந்து நிற்கும் தெருமூடிமடம் அம்மரபின் சின்னம். கால்நடையாய்ச் சென்றவர்க்கு இவை நிழலும் நீரும் அளித்தன. இன்று பல கேணிகள் பயனற்றுக் கிடக்கின்றன. அவற்றை நம்பிப் புறப்படலாகாது. விடியுமுன் புறப்படுக, உச்சிவெயிலில் நிழலில் தங்குக, நல்ல நீர் கிடைக்கும் ஊரிலெல்லாம் தவறாது நிரப்பிக்கொள்க. கடைசிப் போத்தலைத் திறக்குமுன், அடுத்த நன்னீர்க் கிணறு எங்குள்ளது என்பதை அறிந்திருத்தல் வேண்டும்.