வடக்கிலிருந்து தெற்கே: வியட்நாமின் நகரங்கள்

வியட்நாமின் நகரங்களைக் காணச் செல்வோர் வடக்கே ஹனோயில் தொடங்கித் தெற்கே மேகோங் ஆற்றின் கழிமுகம் வரை இறங்கிச் செல்வதே சிறந்த முறையாகும். ஏனெனில் அந்த நாடு வளர்ந்த திசையும் அதுவே. பத்தாம் நூற்றாண்டில் சீன ஆட்சியிலிருந்து விடுபட்ட வியட்நாமியர், சிவப்பு ஆற்றுச் சமவெளியைத் தாயகமாகக் கொண்டு, பல நூற்றாண்டுகளாகச் சிறிது சிறிதாகத் தெற்கு நோக்கிப் பரவி, இடையிலிருந்த சம்பா அரசின் கடலோர நிலங்களையும் பின்னர் கெமர் மக்கள் வாழ்ந்த கழிமுகத்தையும் தம் வசமாக்கிக்கொண்டனர். ஆகவே வடக்கே உள்ள பெருநகரம் ஆயிரம் ஆண்டு வயதுடையதாகவும், தெற்கே உள்ள பெருநகரம் ஏறத்தாழ முந்நூறு ஆண்டு வயதுடையதாகவும் இருக்கின்றன. இவ்வரிசையை மனத்தில் கொள்ளாமல் விமானக் கட்டணம் மலிவாக உள்ள ஊரில் இறங்கித் தொடங்கும் பயணிக்கு அந்நகரங்கள் ஒன்றோடொன்று தொடர்பற்ற காட்சிகளாகவே தோன்றும்.

லீ தாய் தோ என்ற அரசர் 1010-இல் ஹோவா லூ மலைக்கோட்டையை விட்டுத் தலைநகரைச் சிவப்பு ஆற்றங்கரைக்கு மாற்றியதே ஹனோயின் தொடக்கமாகும். தாங் லோங் என்று அப்போது பெயர் பெற்ற இந்நகரம் 1831-இல்தான் ஹனோய் ஆனது. நகரின் பழைமையை உணர விரும்புவோர் முதலில் செல்ல வேண்டிய இடம், 1070-இல் கன்பூசியஸ் பெயரால் எழுப்பப்பட்ட இலக்கியக் கோயிலாகும். அரசுப் பணிக்கு ஆள் எடுப்பதற்காக நடந்த உயர்நிலைத் தேர்வுகளில் வென்றவர்களின் பெயர்களையும் ஊர்களையும் பொறித்த 82 கற்பலகைகள் அங்கே கல் ஆமைகளின் முதுகில் நிற்கின்றன. முதல் பலகைகள் 1484-இல் நாட்டப்பட்டவை. தேர்வுக்கு முன் ஆமைகளின் தலையைத் தடவினால் வெற்றி கிட்டும் என்று மாணவர்கள் நம்பித் தடவித் தடவிக் கல்லே தேய்ந்ததால் இப்போது தடுப்பு வேலி போடப்பட்டுள்ளது. கற்றவனைக் கல்லில் எழுதிப் போற்றிய நாட்டின் மனப்பாங்கை அறிய இதைவிடச் சிறந்த இடம் வேறில்லை.

ஹோவான் கியெம் ஏரிக்கு வடக்கே உள்ள பழைய வணிகப் பகுதியில் ஒவ்வொரு தெருவும் ஒரு தொழிலுக்கு உரியதாக இருந்தது. வெள்ளிக் கொல்லர் தெருவில் இன்றும் நகைக் கடைகள் உள்ளன. மூதாதையருக்குப் படைத்து எரிக்கும் காகிதப் பொருள்களை விற்கும் தெருவில் காகிதத்தாலான வீடுகளும் குதிரைகளும் தொங்குகின்றன. இத்தெருக்களின் வீடுகள் வாசலில் மூன்று மீட்டர் அளவே அகலம் கொண்டு, உள்ளே பல கட்டுகளாக நீண்டு, நடுநடுவே காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் முற்றம் விட்டுக் கட்டப்பட்டவை. பிரெஞ்சுக்காரர்கள் பின்னர் போட்ட அகன்ற சாலைகளும் 1911-இல் முடிந்த இசைநாடக அரங்கமும் அழகானவைதாம். ஆயினும் நகரின் உயிர் இச்சந்துகளிலேயே இருக்கிறது. காலைப் பொழுதில் நடைபாதையில் சிறு பிளாஸ்டிக் முக்காலிகளில் அமர்ந்து, எலும்பு வேகவைத்த சாற்றில் அரிசிச் சேவையும் இறைச்சித் துண்டுகளும் சேர்ந்த ஃபோ என்னும் உணவை உண்போரின் கூட்டத்தை எல்லாத் தெருக்களிலும் காணலாம்.

ஹனோயையும் தெற்கே உள்ள சைகோனையும் இணைக்கும் 1,726 கி.மீ. இருப்புப் பாதை 1936-இல் நிறைவுற்றது. இப்பாதையில் இரவு வண்டி ஏறினால் மறுநாள் காலை ஹுவே நகரை அடையலாம். நாட்டை ஒன்றுபடுத்திய நுயென் வம்சத்தார் 1802 முதல் 1945 வரை இங்கிருந்து ஆண்டனர். இறுதிப் பேரரசரான பாவோ தாய் 1945 ஆகஸ்ட் 30 அன்று முடிதுறந்த நண்பகல் வாயில் இன்றும் கம்பீரமாக நிற்கிறது. ஆனால் அதன் உள்ளே இருந்த அரண்மனைகளுள் பெரும்பாலானவை 1947-இலும் 1968-இலும் நடந்த போர்களில் அழிந்துபோயின. வெற்றுத் தளங்களாகக் கிடக்கும் அந்த இடங்களில் சில கட்டடங்கள் மீண்டும் எழுப்பப்பட்டு வருகின்றன.

ஹுவேக்குத் தெற்கே மலை கடலுக்குள் நீண்டு நிற்க, அதன்மேல் ஏறிச் செல்கிறது ஹாய் வான் கணவாய். 1306-இல் வியட்நாமிய இளவரசியை மணந்த சம்பா மன்னர் இதற்கு வடக்கிலிருந்த நிலத்தைப் பரிசமாகக் கொடுத்துவிட்டதால், நெடுங்காலம் இதுவே இரு நாடுகளுக்கும் எல்லையாக இருந்தது. கணவாயைக் கடந்ததும் வரும் டா நாங் நவீனத் துறைமுக நகரம். கடற்கரையை விரும்புவோர் அங்கே தங்கலாம், மற்றோர் 1919-இல் திறக்கப்பட்ட, சம்பா மக்களான சாம் இனத்தாரின் சிற்ப அருங்காட்சியகத்தை மட்டும் பார்த்துவிட்டு மேலே செல்லலாம்.

அங்கிருந்து 30 கி.மீ. தொலைவில், து போன் ஆற்றங்கரையில் உள்ள ஹோய் ஆன், பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் ஜப்பானிய, சீன, ஐரோப்பிய வணிகர்கள் கூடிய துறைமுகமாகும். ஆற்று வாய் மணலால் தூர்ந்துபோய், பெருங்கப்பல்கள் டா நாங் பக்கம் திரும்பியபின் இவ்வூரின் வணிகம் நின்றது. அந்த வீழ்ச்சியே ஊரைக் காத்தது என்று சொல்லலாம். இடித்துக் கட்டப் பணமும் தேவையும் இல்லாமற்போனதால், மரத்தூண் வீடுகளும் சீனர் சங்க மண்டபங்களும் ஜப்பானியர் பாலமும் அப்படியே நின்றன. ஆண்டுதோறும் அக்டோபர், நவம்பரில் ஆறு பெருகித் தெருவுக்குள் வருவதால், சில பழைய வீடுகளில் எந்த ஆண்டு எவ்வளவு உயரம் தண்ணீர் நின்றது என்பதைச் சுவரில் கோடிட்டு எழுதி வைத்திருக்கின்றனர். மாடியின் தரையில் விட்ட திறப்பு வழியே சரக்கை மேலேற்றும் ஏற்பாடும் உண்டு.

ஹோய் ஆனுக்கு வருவோர் மலை சூழ்ந்த மி சன் பள்ளத்தாக்கைத் தவறவிடலாகாது. நான்காம் நூற்றாண்டில் பத்ரவர்மன் என்னும் சம்பா அரசன் தன் பெயரையே இறைவனுக்குச் சூட்டிப் பத்ரேசுவரர் என்ற சிவலிங்கத்தை இங்கே நிறுவினான்; தஞ்சைப் பெரிய கோயில் இராஜராஜேச்சரம் எனப்பட்ட மரபை அறிந்த தமிழருக்கு இவ்வழக்கம் புதிதாகத் தோன்றாது. பின்வந்தோர் எழுப்பிய செங்கற் கோபுரங்களில் கற்களுக்கிடையே சாந்து தெரியாத அளவுக்கு இணைப்பு நுட்பமாக உள்ளது. 1969-இல் அமெரிக்கக் குண்டுவீச்சில் இவற்றுள் மிகச் சிறந்த கோபுரம் சிதைந்தது. இந்தியத் தொல்லியல் துறையினர் சீரமைப்பில் ஈடுபட்டிருந்தபோது, 2020-இல் ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரே கல்லாலான லிங்கம் ஒன்று வெளிப்பட்டது.

இதற்குத் தெற்கே கடலோர நகரமான ந்யா சாங்கில் போ நகர் என்னும் சம்பா கோயிற் கோபுரங்களும், 1,500 மீட்டர் உயரத்தில் தா லாத் மலைவாழிடமும் உள்ளன. நேரம் இருப்போருக்கு அவை இனியவை.

பிரெஞ்சுக்காரர்கள் 1859-இல் கைப்பற்றிய சைகோன், 1976 முதல் ஹோ சி மின் நகரம் எனப்படுகிறது. நாட்டின் மிகப் பெரிய நகரமும் வணிகத்தின் மையமும் இதுவே. 1975 ஏப்ரல் 30 அன்று வட வியட்நாம் படையின் டாங்கிகள் கதவை உடைத்து நுழைந்த அதிபர் மாளிகையும், 1880-இல் முடிந்த செங்கல் பேராலயமும் அனைவரும் காண்பவை. சாங் தின் தெருவில் உள்ள மாரியம்மன் கோயிலைத் தமிழர் தனியே தேடிச் செல்ல வேண்டும். புதுச்சேரி, காரைக்காலிலிருந்து பிரெஞ்சு அரசின் ஊழியர்களாகச் சென்றவர்களும், கழிமுகத்து நெல் உழவர்களுக்குக் கடன் கொடுத்துப் பெருந்தொழில் நடத்திய நகரத்தார்களும் வாழ்ந்த ஊர் அது. அவர்களுள் மிகப் பலர் இருபதாம் நூற்றாண்டின் போர்களிலும் ஆட்சி மாற்றத்திலும் வெளியேறிவிட்டனர். ஆயினும் கோயில் வெறிச்சோடவில்லை. வியட்நாமியரும் சீன வழியினரும் ஊதுவத்தியும் பழமும் கொண்டுவந்து, சந்நிதியின் பின்சுவரில் நெற்றியை ஒற்றி வேண்டிக்கொள்கின்றனர்.

கழிமுகத்தின் தலைமை நகரமான கன் தோ, சைகோனிலிருந்து பேருந்தில் நான்கு மணி நேரத் தொலைவில் உள்ளது. அதன் அருகே கை ராங் மிதக்கும் சந்தையில், ஒவ்வொரு படகும் தான் விற்கும் காயையோ கனியையோ நெடிய மூங்கிற் கழியில் கட்டித் தொங்கவிட்டிருக்கும். கழியில் ஓலை கட்டியிருந்தால் அந்தப் படகே விற்பனைக்கு என்று பொருள். சாலைகளும் பாலங்களும் வந்தபின் சரக்கு லாரிகளுக்கு மாறிவிட்டதால் சந்தைப் படகுகள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகின்றன. விடியற்காலை ஐந்து, ஆறு மணிக்கே சென்றால்தான் உண்மையான மொத்த வணிகத்தைக் காண இயலும்.

வடக்கே குளிர் குறைந்து, நடுப்பகுதியில் வெள்ளம் ஓய்ந்து, தெற்கே மழை தொடங்காதிருக்கும் மார்ச், ஏப்ரல் மாதங்களே முழுப் பயணத்துக்கும் ஏற்றவை. பத்து நாள் மட்டுமே கையில் உள்ளவர்கள் கடற்கரை ஊர்களை விட்டுவிட்டு, ஹனோய், ஹுவே, ஹோய் ஆன், சைகோன் ஆகிய நான்கில் தங்கி, மி சன்னுக்கும் கன் தோவுக்கும் தலா ஒரு நாள் ஒதுக்குவது நல்லது.