மனைவி போட்ட கணக்குதான் ஜெயித்தது!

மாதம் பிறந்தால் எல்லா வீடுகளிலும் ஓடும் கணக்கு ஒன்றுதான். செலவு குறைய வேண்டும். ஆனால், சாப்பாட்டில் சத்து குறையக் கூடாது. இந்தக் கணக்குக்குக் கணித உலகில் ஒரு பெயரே உண்டு... 'டயட் பிராப்ளம்'.

1945-ம் ஆண்டு அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் ஸ்டிக்லர் இதைக் கையில் எடுத்தார். 77 உணவுப் பொருள்கள், 9 சத்துகள். ஒருவருக்குத் தேவையான சத்தெல்லாம் கிடைக்க, வருடத்துக்குக் குறைந்தபட்சம் எவ்வளவு செலவாகும்? 1939-ம் ஆண்டு விலையில் 39.93 டாலர் என்றார். ஆனால், அதைவிடக் குறைக்கவே முடியாது என்று நிரூபிக்க அவரிடம் வழியில்லை.

அந்த வழியை 1947-ல் கண்டுபிடித்தவர் ஜார்ஜ் டான்ட்ஸிக். 'சிம்ப்ளெக்ஸ்' என்ற அவருடைய முறையைச் சோதிக்க, ஸ்டிக்லரின் கணக்கையே எடுத்தார்கள். ஒன்பது ஊழியர்கள் மேஜை கால்குலேட்டரில் தட்டித் தட்டி, 120 ஆள்-நாள் உழைப்பில் கண்ட விடை, 39.69 டாலர். ஸ்டிக்லர் சொன்னதைவிட 24 சென்ட்தான் குறைவு!

சுவாரஸ்யமே இதற்குப் பிறகுதான். 1950-களின் தொடக்கத்தில், டான்ட்ஸிக்கை எடை குறைக்கச் சொன்னார் டாக்டர். 'கம்ப்யூட்டர் சொல்வதைத்தான் சாப்பிடுவேன்' என்று முடிவெடுத்தார் அவர். கலோரி ஏறக் கூடாது, வயிறு நிறைய வேண்டும். இதுதான் நிபந்தனை.

கம்ப்யூட்டர் கொடுத்த முதல் மெனுவில் இருந்தது, 500 கேலன் வினிகர். அதாவது, சுமார் 1,900 லிட்டர்! வினிகரைப் பட்டியலிலிருந்து தூக்கினார். அடுத்து, தினமும் 200 சூப் க்யூப் என்றது. நான்கைக் கரைத்துக் குடித்தவர், உப்பு தாங்காமல் துப்பிவிட்டார். அதற்கும் உச்சவரம்பு போட்டதும், இரண்டு பவுண்டு தவிடு சாப்பிடச் சொன்னது.

கம்ப்யூட்டர் மீது தப்பில்லை. உப்புக்கு அளவு உண்டு, தவிடு சாப்பாடு ஆகாது என்பதையெல்லாம் யாரும் அதற்குச் சொல்லவில்லை. சொல்லாத நிபந்தனை அதற்குத் தெரியாது.

கடைசியில், மனைவி ஆன் களத்தில் இறங்கினார். கம்ப்யூட்டரின் மெனுக்களில் நல்லதை மட்டும் எடுத்துக்கொண்டு, தானே ஒரு டயட் போட்டார். டான்ட்ஸிக் 22 பவுண்டு, அதாவது 10 கிலோ குறைந்தார்!

இன்று விமான நிறுவனங்கள் முதல் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள் வரை இதே வகைக் கணக்கைத்தான் போடுகின்றன. நீங்களும் ஒன்று போட்டுப் பாருங்களேன்.

கல்யாணத்துக்கு 13 பேர் கிளம்புகிறார்கள். வேனில் 7 பேர், வாடகை 900 ரூபாய். ஆட்டோவில் 3 பேர், 400 ரூபாய். எதை எத்தனை பிடித்தால் செலவு குறையும்?

தலைக்கு எவ்வளவு என்று பார்த்தால் வேன்தான் மலிவு. 13-ஐ 7-ஆல் வகுத்தால், ஒன்றே முக்காலுக்கும் சற்று அதிகம். முக்கால் வேன் கிடைக்காதே என்று இரண்டு வேன் பிடித்தால் 1,800 ரூபாய். ஆனால், ஒரு வேனும் இரண்டு ஆட்டோவும் பிடித்தால் 13 பேரும் கச்சிதமாக உட்காரலாம். செலவு 1,700 ரூபாய்தான்!

பின்னத்தில் வரும் விடையை அப்படியே முழு எண்ணாக மாற்றினால், இப்படிக் கையைக் கடிக்கும். அதனால்தான் 'முழு எண் திட்டமிடல்' என்று தனிப் பாடமே இருக்கிறது.

சரி, 14-வதாக ஒரு மாமா வந்து நின்றால்? விடையை வீட்டில் எல்லோரும் சேர்ந்து கண்டுபிடியுங்கள்!