ஸ்டார்ட் பட்டன் எங்கே போச்சு? அப்டேட் போட்டதும் கம்ப்யூட்டர் அந்நியமாகிறதா?

காலையில் கம்ப்யூட்டரை ஆன் செய்கிறீர்கள். திரையே வேறு மாதிரி இருக்கிறது. இடது பக்கம் கீழ் மூலையில் இருந்த ஸ்டார்ட் பட்டன், நடுவில் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஃபைல் மேல் ரைட் கிளிக் செய்தால் வரும் நீளமான பட்டியல் பாதியாகச் சுருங்கிவிட்டது. நேற்று வரை இரண்டு நிமிடத்தில் முடிந்த வேலைக்கு இன்று இருபது நிமிடம் ஆகிறது. ‘அப்டேட் செய்யலாமா?’ என்று கேட்டதற்கு ‘சரி’ கொடுத்தது தப்போ என்று தோன்றுகிறது.

விண்டோஸ் 10-லிருந்து விண்டோஸ் 11-க்கு மாறியவர்களில் பலர் சொல்லும் புகார் இது. கூடவே, ‘நமக்கு வயசாயிடுச்சு போல, புதுசா எதுவும் மண்டையில ஏற மாட்டேங்குது’ என்ற சலிப்பும் வரும். அந்தச் சலிப்புக்கு அவசியமே இல்லை.

விரல்களுக்கும் ஞாபகம் உண்டு

அஞ்சறைப் பெட்டியில் கடுகு இருக்கும் கிண்ணத்தையும் சீரகம் இருக்கும் கிண்ணத்தையும் யாராவது இடம் மாற்றி வைத்தால் என்ன ஆகும்? இருபது வருடம் சமைத்த கை, பழைய இடத்துக்குத்தான் போகும். அவருக்குச் சமைக்கத் தெரியாது என்று யாரும் சொல்ல மாட்டோம்.

சைக்கிள் ஓட்டுவது, டைப் அடிப்பது போன்ற வேலைகளைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது, மூளை அதைத் தனி வகை நினைவாகச் சேமிக்கிறது. அதன் பிறகு யோசிக்காமலே கை செய்யும். கம்ப்யூட்டரும் அப்படித்தான். ஸ்டார்ட் பட்டன் எங்கே என்று தேடி நாம் மவுஸை நகர்த்துவதில்லை. கை தானாகப் போகிறது. இடம் மாறும்போது, பல வருடம் சேர்த்த அந்தப் பழக்கமே நமக்கு எதிராகத் திரும்புகிறது. அதிகம் பழகியவருக்குத்தான் அதிகம் தடுமாற்றம்.

மைக்ரோசாஃப்டே பின்வாங்கிய கதை

ஸ்டார்ட் பட்டனும் டாஸ்க்பாரும் முதன்முதலில் வந்தது விண்டோஸ் 95-ல், 1995 ஆகஸ்டில். அடுத்த 17 ஆண்டுகள் அது அதே மூலையில் இருந்தது. 2012 அக்டோபரில் வந்த விண்டோஸ் 8-ல் அதை எடுத்துவிட்டார்கள். ஸ்டார்ட் மெனுவுக்குப் பதிலாகத் திரை முழுக்க வண்ண வண்ணக் கட்டங்கள். ஐபேட் போன்ற டேப்லெட்டுகள் வேகமாகப் பரவிய நேரம் அது. விரலால் தொட வசதியாக இருக்கட்டும் என்று செய்த மாற்றம், மவுஸும் கீபோர்டும் வைத்திருந்தவர்களைத் திணற வைத்தது. கம்ப்யூட்டரை எப்படி ஆஃப் செய்வது என்றே பலருக்குத் தெரியவில்லை.

உலகம் முழுக்க எழுந்த அதிருப்தியைப் பார்த்து, ஒரே வருடத்தில் விண்டோஸ் 8.1-ல் ஸ்டார்ட் பட்டனைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். 2015-ல் விண்டோஸ் 10 வந்தபோது பழைய மாதிரி ஸ்டார்ட் மெனுவும் திரும்பியது.

2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வந்தபோதும் இதே கதைதான். டாஸ்க்பாரைப் புதிதாக எழுதியதில் பழைய வசதிகள் சில காணாமல் போயின. ஒரு ஃபைலை டாஸ்க்பாரில் இருக்கும் புரோகிராமுக்கு இழுத்துப் போட முடியவில்லை. 2022-ல் அந்த வசதி திரும்பியது. திறந்திருக்கும் ஒவ்வொரு விண்டோவையும் பெயரோடு தனித்தனியாகக் காட்டும் வசதி 2023-ல்தான் திரும்பியது. ரைட் கிளிக் மெனுவில் கட், காப்பி எல்லாம் வெறும் படங்களாக இருந்தன; 2024-ல் வந்த பதிப்பில்தான் படங்களுக்குப் பெயர் சேர்த்தார்கள்.

ஆக, திணறியவர்கள் மேல் குறை இல்லை. அவர்கள் சொன்ன புகாரில் நியாயம் இருந்ததால்தான் இத்தனையும் திரும்பி வந்தது.

பூட்டும் பெயின்ட்டும்

அதற்காக ‘இனிமேல் அப்டேட்டே வேண்டாம்’ என்று முடிவு செய்துவிடலாமா? இங்கேதான் கவனம் தேவை.

அப்டேட் என்ற ஒரே பெயரில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. ஒன்று, தோற்றத்தை மாற்றுவது. அது வீட்டுக்குப் பெயின்ட் அடிப்பது போல. இன்னொன்று, திருடர்கள் நுழையக்கூடிய ஓட்டைகளை அடைப்பது. அது பூட்டு மாற்றுவது போல. பெயின்ட் பிடிக்கவில்லை என்பதற்காகப் பூட்டையும் வேண்டாம் என்று சொன்னால் ஆபத்து.

2017 மே மாதம் ‘வான்னாக்ரை’ என்ற வைரஸ் சுமார் 150 நாடுகளில் கம்ப்யூட்டர்களை முடக்கியது. ஃபைல்களைப் பூட்டி வைத்துக்கொண்டு, திறக்கப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் நோயாளிகளின் அப்பாயின்ட்மென்ட்டுகளையும் ஆபரேஷன்களையும் ரத்து செய்ய வேண்டியதாயிற்று. அந்த வைரஸ் நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை, மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில் வெளியிட்டிருந்தது. மாட்டிக்கொண்டவை பெரும்பாலும் அதைப் போடாத கம்ப்யூட்டர்கள்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டன. அந்தக் கம்ப்யூட்டர் தொடர்ந்து ஓடும். ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அடைபடாது. ஓராண்டு கூடுதல் பாதுகாப்புக்கான திட்டத்தில் பதிவு செய்ய, செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பகுதியைப் பாருங்கள். பழைய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. டி.பி.எம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், ஓரளவு புதிய பிராசஸரும், குறைந்தது 4 ஜிபி ராமும் அதற்குத் தேவை. நெட் பேங்கிங் செய்யும் கம்ப்யூட்டராக இருந்தால் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

பழைய இடத்துக்குக் கொண்டுவரலாம்

விண்டோஸ் 11-ல் எரிச்சல் தரும் பல விஷயங்களை நீங்களே சரிசெய்துகொள்ளலாம்.

ஸ்டார்ட் பட்டன் இடது மூலைக்கு வர: டாஸ்க்பாரில் காலியான இடத்தில் ரைட் கிளிக் செய்து ‘டாஸ்க்பார் செட்டிங்ஸ்’ போங்கள். அதில் ‘டாஸ்க்பார் பிஹேவியர்ஸ்’ பகுதியில், ‘அலைன்மென்ட்’ என்பதை ‘லெஃப்ட்’ என்று மாற்றுங்கள்.

விண்டோக்கள் பெயரோடு தனித்தனியாகத் தெரிய: அதே பகுதியில், டாஸ்க்பார் பட்டன்களை ஒன்றாகச் சேர்ப்பது பற்றிய இடத்தில் ‘நெவர்’ என்று கொடுங்கள்.

பழைய ரைட் கிளிக் மெனு வேண்டுமானால்: ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டே ரைட் கிளிக் செய்யுங்கள். அல்லது மெனுவின் கடைசியில் இருக்கும் ‘ஷோ மோர் ஆப்ஷன்ஸ்’ஸைத் தொடுங்கள்.

புரோகிராமைக் காணோம் என்றால்: விண்டோஸ் கீயை ஒருமுறை அழுத்திவிட்டு, அதன் பெயரில் முதல் சில எழுத்துகளை டைப் செய்யுங்கள். வந்துவிடும்.

மாறாத கீகளை நம்புங்கள்: கன்ட்ரோல் சி, கன்ட்ரோல் வி, ஆல்ட் டேப், கன்ட்ரோல் பி எல்லாம் திரை எப்படி மாறினாலும் அதே வேலையைத்தான் செய்கின்றன. விண்டோஸ் கீயோடு ‘ஈ’ அழுத்தினால் ஃபைல்கள், ‘ஐ’ அழுத்தினால் செட்டிங்ஸ், ‘டி’ அழுத்தினால் டெஸ்க்டாப்.

எதுவும் ஒத்துவரவில்லை என்றால்: மாறிய 10 நாட்களுக்குள், செட்டிங்ஸில் ‘சிஸ்டம்’, ‘ரெக்கவரி’ போய் ‘கோ பேக்’ கொடுத்துப் பழைய விண்டோஸுக்கே திரும்பலாம். ஆனால் பாதுகாப்பு விஷயம் நினைவிருக்கட்டும்.

போனிலும் இதே கதைதான். அப்டேட்டுக்குப் பிறகு கீழே இருந்த மூன்று பட்டன்கள் மறைந்துபோனால், பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் செட்டிங்ஸில் ‘நேவிகேஷன்’ என்று தேடி அவற்றைத் திரும்பக் கொண்டுவரலாம்.

இரண்டு எச்சரிக்கைகள்

திரை மாறிக் குழம்பி நிற்கும் நேரம்தான் மோசடிக்காரர்களுக்கு வசதி. ‘உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், உடனே இந்த எண்ணுக்குப் பேசுங்கள்’ என்று திரையில் வந்தால் அந்த எண்ணுக்குப் பேசாதீர்கள். ‘மைக்ரோசாஃப்டிலிருந்து பேசுகிறோம்’ என்று அவர்களாகவே போன் செய்தாலும் நம்பாதீர்கள். அடுத்தது, ‘பழைய ஸ்டார்ட் மெனு இலவசம்’ என்று கண்ணில் படும் தளங்களிலிருந்து எதையும் இறக்காதீர்கள். மேலே சொன்ன மாற்றங்கள் எல்லாம் விண்டோஸுக்குள்ளேயே இருக்கின்றன.

அப்பா, அம்மா கம்ப்யூட்டருக்கு அப்டேட் போடும் முன்

வீட்டில் பெரியவர்கள் பயன்படுத்தும் கம்ப்யூட்டராக இருந்தால், சொல்லாமல் அப்டேட் போட்டுவிட்டு ஊருக்குக் கிளம்பிவிடாதீர்கள். முதலில் போட்டோக்களையும் முக்கியமான ஃபைல்களையும் பென் டிரைவிலோ வெளி ஹார்ட் டிஸ்க்கிலோ காப்பி எடுத்து வையுங்கள். அவர்கள் தினமும் செய்யும் நான்கைந்து வேலைகள் எவை என்று கேளுங்கள். அப்டேட் முடிந்ததும் அந்த ஐகான்களைப் பழைய இடத்திலேயே வையுங்கள்.

சொல்லிக்கொடுக்கும்போது மவுஸ் அவர்கள் கையிலேயே இருக்கட்டும். ‘இங்க கொடுங்க, நான் பண்றேன்’ என்று பிடுங்கினால் வேலை முடியும். அவர்கள் கற்றுக்கொள்ள மாட்டார்கள். புது வழிகளை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி மானிட்டர் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். தினமும் அதே வேலையைச் செய்யும்போது கை மெல்ல மெல்லப் புது இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதுவரை எத்தனை முறை கேட்டாலும், முதல் முறை கேட்பது போலவே பதில் சொல்லுங்கள்.