பருவ மாறுதலும் குடியானவரின் மனோதிடமும்

உழவுத்தொழில் மழையையும் வெயிலையும் நம்பி நிற்பதென்பது யாவரும் அறிந்ததே. ஆயினும், பருவம் பிழைக்குங்கால் பயிர் மட்டுமன்றிப் பயிரிடுவோரின் மனமும் வாடுகின்றது என்பதை நாம் போதிய அளவு கவனிப்பதில்லை. இலையின் நிறத்தைக் கண்டே பயிரின் நோயை அறியும் நாம், உழுபவரின் மனநோயை அது முற்றிய பின்னரே அறிகின்றோம்.

நம் பகுதியின் அனுபவம்

சென்னையினின்று அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையிலுள்ள வேப்பம்பட்டையும், அதைச் சூழ்ந்த திருவள்ளூர் ஜில்லாக் கிராமங்களையும் நோக்குவோம். சொர்ணவாரி, சம்பா, நவரை என்னும் போகங்கள் இப்பகுதிக்கு உரியவை. 2015-ஆம் வருஷக் கடைசியில் பெருவெள்ளம் வந்தது. மறு வருஷம் மாகாணத்தில் வடகிழக்குப் பருவமழை ஏறத்தாழ 62 சதவீதம் குறைந்தது. டிசம்பர் 12-ந் தேதி வார்தா புயலும் வீசிற்று. 2017 ஜனவரியில் எல்லா ஜில்லாக்களும் வறட்சியுற்றவையென அறிவிக்கப்பட்டன. 2019-ல் பூண்டி, செங்குன்றம் ஏரிகள் வற்ற, சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் சென்றது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் மழை இவ்வட்டாரத்தை மீண்டும் மூழ்கடித்தது.

ஒரு போகத்து நஷ்டத்தைக் குடியானவர் தாங்குவர். நஷ்டம் அடுத்தடுத்து வரின் கடன் மேல் கடன் சேர்கின்றது. முன்னோர் வகுத்த பருவக் கணக்கும் பொய்ப்பதால், எப்பொழுது விதைப்பது என்ற துணிவே குன்றுகின்றது. நெல் பூக்குந் தருணத்தில் உஷ்ணம் 35 பாகைக்கு மேற்சென்றால் மணி பிடிக்காது பதராகும். பாடுபட்டும் பலனில்லையென்ற எண்ணம் அங்கே வேரூன்றுகின்றது.

ஆராய்ச்சி கூறுவது

தாமா கார்ல்டன் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இந்தியாவின் பல்லாண்டுக் கணக்குகளைப் பரிசீலித்து 2017-ல் ஒரு முடிவை வெளியிட்டார். பயிர் வளருங் காலத்தில் உஷ்ணம் மிகுந்தால் தற்கொலைகள் மிகுகின்றன. பயிரில்லாக் காலத்தில் அதே உஷ்ணம் அவ்விளைவைத் தருவதில்லை. ஆகவே, விளைச்சல் நஷ்டமே துயரத்திற்கு வழியாகின்றது என்பது அவர் கருத்து.

அறிகுறிகள்

உறக்கமின்மை, பசியின்மை, வயலுக்குச் செல்ல மனமின்மை, காரணமற்ற கோபம், குடிப்பழக்கம் மிகுதல், பிறருடன் பேசாதிருத்தல், "இனி என்ன இருக்கிறது" என்று அடிக்கடி கூறுதல் ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் அசட்டை செய்யலாகாது.

செய்யத்தக்கவை

1. அத்தகையவரைத் தனியே சந்தித்து, உயிரை வெறுக்கும் எண்ணம் உண்டோவெனப் பரிவுடன் நேராகவே கேட்கவேண்டும். கேட்பதனால் அவ்வெண்ணம் உண்டாகாது. மனப்பாரம் குறைதலும் உண்டு.

2. பூச்சிமருந்தை வீட்டினுள் வைத்தலாகாது. கடலூர் ஜில்லா காட்டுமன்னார்கோயில் வட்டாரத்துக் கிராமங்களில், சென்னை ஸ்நேகா ஸ்தாபனத்தைச் சேர்ந்த டாக்டர் லட்சுமி விஜயகுமார் முதலியோர் பூட்டுள்ள பெட்டிகள் கொண்ட பொதுக் கிடங்கு அமைத்துப் பரீட்சித்தனர். குடியானவர்கள் அதனை ஏற்றுக்கொண்டனர். மிராசுதாரர்கள் கூடினால் இதனை எந்தக் கிராமத்திலும் செய்யலாம்.

3. கிராம நிர்வாக அலுவலர்கள் அடங்கல் நகலையும் சேத மதிப்பீட்டையும் தாமதமின்றி அளிக்கவேண்டும். விளைச்சலில் 33 சதவீதமும் அதற்கு மேலும் சேதமாயின் நிவாரணத்திற்கு இடமுண்டு. அதிகாரிக்கு ஒரு வாரத் தாமதம் சிறிது; கடன்காரரை எதிர்நோக்கும் குடியானவருக்கோ அது பெரிது.

4. தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரைக் குற்றவாளியாக நடத்தலாகாது. 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம், அவரைக் கடும் மனவுளைச்சலுற்றவராகக் கருதிச் சிகிச்சையளிக்க வேண்டுமென்கின்றது. எனவே வழக்குக்கு அஞ்சி மறைக்காது உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க.

5. ஜில்லா மனநலத் திட்டத்தின்கீழ் அரசாங்க வைத்தியசாலைகளில் ஆலோசனையும் மருந்தும் பெறலாம். 14416 என்னும் தொலைபேசி எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். இந்த எண்ணைச் சாவடியிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் எழுதி வைப்பது நலம்.

நீர் வடிந்த வயலில் மறுபடியும் நாற்று நடலாம். நடுவதற்கு ஆள் இருக்கவேண்டும். ஆதலின், சேதக் கணக்கெடுக்க வயலுக்குச் செல்லும் ஒவ்வொருவரும், அவ்வயலுக்குரியவர் எவ்வாறிருக்கின்றார் என்பதையும் விசாரித்து வருவாராக.