மாமாவின் ஜெனரேட்டர்

"மாப்ளே, நீ பி.காம். படிச்சவன். இந்தக் கணக்கைக் கொஞ்சம் பாரு" என்று ஃபைலை நீட்டினார் மாமா. திருப்பூரில் ஜாப் ஒர்க் யூனிட் நடத்துபவர். பனியன் பில்லாக்கும் என்று பிரித்தால்... கோவை ஆஸ்பத்திரி பில்!

புராஸ்டேட் கேன்சர். ராத்திரி அஞ்சு தடவை பாத்ரூம் போனதை, 'வயசானா அப்படித்தான்' என்று ரெண்டு வருஷம் மறைத்த மனுஷர். மூணு மாசத்துக்கு ஒரு ஹார்மோன் ஊசி போட்டார்கள். நோய் அதையும் மீறியது. இப்போது டோசிடாக்சல் என்கிற கீமோதெரபி.

"கீமோதான் வந்தாச்சே! தோத்துப்போன ஊசிக்கு எதுக்கு இன்னும் தண்டச் செலவு? கட் பண்ணிரலாமா?"

எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. வாராக் கடனுக்கு மேலும் கடன் கொடுப்பார்களா? ஆனாலும் டாக்டரிடம் கேட்டேன். முறைத்தார். பிறகு பேப்பரில் படம் போட்டு விளக்கினார். அதை மாமாவுக்கு பனியன் பாஷையில் சொன்னேன்.

"ஏனுங் மாமா, கரண்ட் போனா நம்ம யூனிட் நின்னுருமா?"

"எப்படி நிக்கும்? அதான் ஜெனரேட்டர் இருக்குதல்ல!"

அதேதான். இந்தக் கேன்சர் ஓடுவதே ஆண் ஹார்மோன் என்கிற கரண்ட்டில். சார்லஸ் ஹக்கின்ஸ் 1941-லேயே இதைக் காட்டி, 1966-ல் நோபல் பரிசும் வாங்கிவிட்டார். ஊசி மெயினை ஆஃப் செய்கிறது. கேன்சர் செல் லேசுப்பட்டதா? தானே கொஞ்சம் ஹார்மோன் தயாரித்துக்கொள்ளும். இல்லாவிட்டால் ரிசப்டார் என்கிற ஸ்விட்ச், கரண்ட்டே இல்லாமல் எரிகிற மாதிரி உருமாறிவிடும். இந்த நிலையில் ஊசியையும் நிறுத்தினால் மெயினும் ஓடும், ஜெனரேட்டரும் ஓடும்!

கீமோவுக்கு வருவோம். செல்லுக்குள் நூலிழை மாதிரி நுண்குழாய்கள் உண்டு. செல் ரெண்டாகப் பிரிய, அவற்றைக் கட்டிக் கட்டிப் பிரிக்கவேண்டும். டோசிடாக்சல் அவற்றை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. செல் பிரிய முடியாமல் சாகிறது. இது ஆயுளை நீட்டுகிறது என்று 2004-ல் நிரூபித்தார்கள்.

அங்கேயும் ஹார்மோன் மூக்கை நுழைக்கிறது சார்! 2005-ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அருள் சின்னையன் (பேரைக் கவனித்தீர்களா?) குழு ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தது. ஹார்மோன் சொன்னால் ஓடும் ஒரு ஜீன், ஈ.ஆர்.ஜி. என்ற இன்னொரு ஜீனோடு தப்பாகச் சேர்த்துத் தைக்கப்பட்டிருக்கிறது. மேலைநாட்டு நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இப்படி, ஆசியாவில் குறைவு. அந்த ஈ.ஆர்.ஜி. புரதம் நுண்குழாய்களின் மூலப்பொருளையே பிடித்துக்கொண்டு, டோசிடாக்சலின் பிடியைத் தளர்த்துகிறது என்றது 2014-ல் வந்த ஓர் ஆய்வு. ஹார்மோன் லைனில் கிளம்பிய சரக்கு, கீமோவுக்கே தண்ணி காட்டுகிறது!

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அப்ப ஊசி முழுசாத் தோக்கலை. பாதி மிஷினையாவது நிறுத்தி வெச்சிருக்குது."

"ஆமாங் மாமா."

"செரி, வர்ற திங்கக்கிழமை ஊசி. நீயும் வா. அப்படியே மச்சானையும் டெஸ்ட்டுக்கு இழுத்துட்டு வா."

மச்சான் என்றது எங்கப்பாவை. வரமாட்டேன் என்கிறார். அவர் ராத்திரி மூணு தடவைதான் எழுந்திருக்கிறாராம்!