வாயில் ஆறாத புண்: வயதான தாய் தந்தையரை வைத்திருப்போர்க்கு

மலர்க் குழுவினர் வழக்கம்போல் பழந்தமிழ் நூல் ஒன்றைப் பற்றித்தான் என்னிடம் கட்டுரை கேட்டார்கள். ஏலாதியைப் பற்றி எழுதுவதாக ஒப்புக்கொண்டு குறிப்பும் எடுத்து வைத்திருந்தேன். அந்நூலின் பெயருக்குக் காரணமான ஏலம், மிளகு, திப்பிலி, சுக்கு எல்லாம் ரவிவார் பேட்டில் என் கடையிலும் உள்ள சரக்குகளே. ஆனால் அதே கடையின் வேறொரு சரக்கு என் வீட்டில் செய்த காரியத்தால் இந்த விஷயத்தை எழுத நேர்ந்தது. அன்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் தாயார்க்கு வயது 84. வந்தவாசிப் பக்கத்துச் சமணக் குடும்பம். பொழுது சாயுமுன் உண்டு முடிப்பவர், தண்ணீரை வடிகட்டாமல் குடிக்காதவர். புகையிலையைக் கையாலும் தொட்டதில்லை. வெற்றிலை பாக்கு மட்டும் அறுபது வருஷப் பழக்கம். மதியம் சாப்பிட்டதும் போட்டுக்கொண்டு, இடக் கன்னத்தில் அடக்கியபடியே கண்ணயர்வார். பாக்கு என் கடையிலிருந்து போவது. "நான் புகையிலை விக்கறதில்லை" என்று பெருமை பேசிக்கொண்டிருந்தவன் நான்.

போன ஆண்டு ஆடி வாக்கில் ஒருநாள், "காரம் பட்டா எரியுதுடா" என்றார். டார்ச்சு அடித்துப் பார்த்தேன். பாக்கு அடங்கும் அந்த இடத்திலேயே வெள்ளைத் திட்டு, நடுவில் சிவந்த குழி. அருகிலிருந்த பல் வைத்தியர் ஒருவர் பல் கூர்மை குத்துகிறது என்று அதை ராவிவிட்டு, தடவ மருந்து கொடுத்தார். நாலு வாரம் என்றார், பிறகு இன்னும் நாலு வாரம் என்றார். அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. நல்ல வார்த்தை கேட்கத்தான் நானும் அங்கே போனேன்.

பிறகு படித்தும் மருத்துவர்களைக் கேட்டும் தெரிந்துகொண்டது இது. குத்தும் பல்லைச் சரிசெய்த பின்னும் இரண்டு, மூன்று வாரத்தில் ஆறாத எந்த வாய்ப்புண்ணும் சந்தேகத்துக்குரியது. துடைத்தால் போகாத வெள்ளைத் திட்டு, அதைவிடச் சிவப்புத் திட்டு, காரணமில்லாமல் ஆடும் பல், கழுத்தில் கட்டி, மூன்று விரல் நுழையாதபடி வாய் சுருங்குவது எல்லாம் அப்படியே. வலி இல்லையே என்று இருந்துவிடக் கூடாது. ஆரம்பத்தில் பெரும்பாலும் வலி இராது. வயதானவர்கள் சொல்லாமல் விடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

வெற்றிலை நமக்குப் புதிதல்ல. சிலப்பதிகாரத்திலேயே உணவு முடித்த கோவலனுக்குக் கண்ணகி வெற்றிலையும் பாக்கும் கொடுக்கிறாள். புகையிலைதான் போர்த்துகீசியர் வழியாகப் பின்னால் வந்தது. வந்த வேகத்தில் நம் புலவர்கள் அதற்கு விடுதூதே பாடிவிட்டார்கள்! நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் இருந்த ஆர் என்ற டாக்டர், திருவிதாங்கூர் மக்களின் வாய்ப்புற்றைத் தாம்பூலப் பழக்கத்தோடு இணைத்து 1933இல் லான்செட் இதழில் எழுதினார். அந்த நெய்யூர் இன்று நம் குமரி மாவட்டத்தில் இருக்கிறது. புகையிலைதான் குற்றவாளி, பாக்கு வெறும் துணை என்றே என்னைப் போன்றவர்கள் வெகுகாலம் நினைத்திருந்தோம். 2003இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை சேராத தாம்பூலமும், ஏன், பாக்கே தனியாகவும் புற்றுநோய் உண்டாக்கும் என்று முடிவு கூறிவிட்டது. இருபது வருஷத்துக்கு முந்தைய செய்தி. பாக்கு விலை ஏறி இறங்குவதை நாள்தோறும் பார்த்த என் கண்ணில் இது படவில்லை. (இங்கே மராட்டியப் பெண்கள் சிலர் பல்லில் தேய்க்கும் மிஷேரி, சுட்ட புகையிலைத் தூள். அதுவும் இந்தக் கணக்கில்தான் சேரும்.)

பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர் உடனே பயாப்சி எடுக்க வேண்டும் என்றார். அன்றிரவே ஆரணியிலிருந்து தங்கை போனில் அழுதாள். "கத்தி வைக்க விடாதேண்ணா, பரவிடும்." சென்னைத் தம்பியும் அதையேதான் சொன்னான். சோதனைக்குத் துணுக்கு எடுப்பதால் புற்று பரவுவதில்லை. முற்றிய பின் வந்தவர்களைத்தான் நாம் அதிகம் பார்த்திருக்கிறோம். அவர்கள் பட்டதையெல்லாம் கத்தியின் மேல் போட்டுவிட்டோம். அம்மாவுக்கு மரத்துப்போக ஊசி போட்டு, திட்டின் ஓரத்திலிருந்து சிறு துணுக்கு எடுத்து, ஒரு தையல் போட்டார்கள். அரை மணிகூட ஆகவில்லை. ரத்தம் நீர்க்கும் மாத்திரை சாப்பிடுவோர் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தாமாக நிறுத்தவும் கூடாது.

இதையெல்லாம்விடக் கடினமாக இருந்தது அம்மாவிடம் சொல்வது. அவருக்குத் தெரிய வேண்டாம் என்று நானும் என் மனைவியும் மகனும் மராத்தியில் பேசிக்கொண்டோம். இரண்டாம் நாள் அம்மா கூப்பிட்டார். "என்னடா, எல்லாரும் மராத்தியிலேயே பேசிக்கறீங்க? முப்பது வருஷமா காய்க்காரிகிட்ட நான் என்ன பாஷையில பேரம் பண்ணேன்னு நெனச்சே?"

உட்கார்ந்து சொன்னேன். புற்றாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், பார்த்தால்தான் தெரியும் என்றேன். மூன்று கேள்வி கேட்டார். எவ்வளவு வெட்டுவாங்க? பேச்சு போயிடுமா? ராத்திரியில சாப்பிடச் சொல்லுவாங்களா? மூன்றாவதை டாக்டரிடம் கேட்க எனக்குத் தோன்றியே இருக்காது. டாக்டர் சிரிக்கவில்லை. பகலிலேயே ஆறு வேளையாகப் பிரித்து நீர்த்த கஞ்சி கொடுக்கலாம், மருந்து நேரத்தையும் மாற்றிக்கொள்ளலாம் என்றார். தமிழ் தெரியாத டாக்டரிடம் பெற்றோரை அழைத்துப் போகும் நம்மவர்க்கு ஒன்று சொல்ல வேண்டும். நான் மொழிபெயர்க்கும்போது வார்த்தைகளை மென்மையாக்கிக்கொண்டே போனேன். "அவர் சொன்னது இவ்வளவு நீளம், நீ சொன்னது இத்தனூண்டு" என்று அம்மா அங்கேயே பிடித்துவிட்டார்.

அறிக்கை வர எட்டு நாள். மணிக்கொரு தரம் "வலிக்குதாம்மா" என்று கேட்டு எரிச்சலூட்டினோம். ஆறிய கேழ்வரகுக் கஞ்சியும் மோர்ச் சாதமும்தான் இறங்கின. ஒன்பதாம் நாள் வந்த அறிக்கையில் புற்று இல்லை, அதற்கு முந்தைய நிலை என்று இருந்தது. திட்டை முழுவதும் நீக்கினார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய்க் காட்ட வேண்டும்.

புற்றென்றே வந்திருந்தாலும், இரண்டு செண்டிமீட்டருக்குள் இருக்கும்போதே பிடித்தால் அறுவை சிகிச்சையால் குணப்படுத்த நல்ல வாய்ப்பு உண்டு. அப்போது கன்னத்தோடு கழுத்து நெறிக்கட்டிகளையும் எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னால், பில்லை ஏற்றுகிறார் என்று நினைக்க வேண்டாம். வியாபாரி புத்தி எனக்கும் அப்படித்தான் ஓடியிருக்கும். மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை 2015இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. ஆரம்ப நிலை நோயாளிகளில் கழுத்தையும் முதலிலேயே செய்துகொண்டவர்களில் மூன்றாண்டு கழித்து 100க்கு 80 பேர் உயிரோடிருந்தனர். கட்டி தெரியட்டும் என்று காத்திருந்தவர்களில் அது 67.5தான். செலவைப் பொறுத்தவரை, 70 வயது ஆனவர்கள் எவரும் வருமானக் கணக்கின்றி ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டில் சேரலாம் என்று 2024 அக்டோபரில் வந்திருக்கிறது. ஆதார் அட்டையோடு விசாரித்துக்கொள்ளலாம்.

வாயைத் திறந்து பார்ப்பதற்குப் பெரிய கருவி வேண்டாம். திருவனந்தபுரத்தில் 1996இல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற ஊழியர்கள் வீடு வீடாகப் போய் வெறும் கண்ணால் வாயைப் பார்த்தார்கள். அதனாலேயே புகையிலை, மதுப் பழக்கமுள்ளவர்களிடையே வாய்ப்புற்றுச் சாவு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று 2005இல் முடிவு வந்தது.

அம்மா இப்போது சோம்பு மெல்கிறார். கடையில் பாக்கு எடுத்துவிட்டேன். கல்யாணத் தாம்பூலத்துக்குக் கேட்டு வருபவர்களை அடுத்த கடைக்கு அனுப்புகிறேன். "அதுல மட்டும் என்னடா புண்ணியம்?" என்று அம்மா கேட்கிறார்.